வீடு வாங்குவோரும் சொலிசிற்றரும்



இலக்கியமும் சமயமும் பேசப்பட்டு வந்த இந்த மேடையில், இவ்வாண்டு வீடு வாங்கும் விஷயத்தைப் பற்றியும் அதில் நமக்குத் துணை நிற்கும் சொலிசிற்றரைப் பற்றியும் பேச வேண்டும் என்று அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் என்னைக் கேட்டபோது, இத்தகைய லௌகிக விஷயம் ஒரு சொற்பொழிவுக்குத் தகுமோ என்று முதலில் ஐயுற்றேன். ஆனால், இலண்டனில் நெடுங்காலம் இத்தொழிலையே செய்து வந்தவன் என்ற முறையில், ஒரு சேலை வாங்குவதற்குக் கடைகடையாய் ஏறி இறங்கி, கரையைப் புரட்டிப் பார்த்து, முந்தானையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்கும் நம்மவர்கள், இருபத்தைந்து ஆண்டு உழைப்பை ஈடு வைத்து வாங்கும் வீட்டை மட்டும், "எல்லாம் சொலிசிற்றர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே வாக்கியத்தோடு வாங்கிவிடுவதை அன்றாடம் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். அவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதில்லை என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்ற ஆசையினாலேயே இந்தப் பொறுப்பை ஏற்றேன். நான் சொல்லப்போவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம்; ஸ்கொட்லாந்தின் முறை வேறு.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காணி வாங்குகிறார் என்றால், வாங்குபவரும் விற்பவரும் ஒரே நொத்தாரிசின் திண்ணையில் அமர்ந்து, அவர் உறுதியை வாசிக்கக் கேட்டு, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திடுவதே நாம் கண்டு வளர்ந்த வழக்கம். நொத்தாரிசும் சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிருந்து அத்தாட்சிப்படுத்தாத காணி விற்பனை செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆயினும், நம்மைக் காத்தது அந்தச் சட்டம் மாத்திரமன்று. அந்தக் காணியின் கிணற்றில் யாருக்குப் பங்கு, எந்த ஒழுங்கையால் யாருக்கு வழி, விற்பவரின் தமக்கைக்குச் சீதனமாக எழுதியது எந்தத் துண்டு என்பதையெல்லாம் ஊர் அறிந்திருந்தது. அந்த ஊரறிவே எழுதப்படாத ஓர் உறுதியாய் நம் பின்னால் நின்றது. அந்த ஊரை விட்டு வந்து, அயல்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாத ஒரு தெருவில் வீடு வாங்கும்போது, நம்மிடம் இல்லாமற்போவது அந்த அறிவுதான். இங்கே ஊருக்குப் பதிலாகக் கேள்வி கேட்பவரே சொலிசிற்றர். இருபக்கத்துக்கும் பொதுவானவராக அல்லாமல் ஒரு பக்கத்துக்கு மாத்திரம் உரியவராக, அவரவருக்கு ஒருவர் என்ற முறையில் அவர் நியமிக்கப்படுகிறார்.

கேள்வி இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம், "வாங்குபவனே, விழிப்பாயிரு" என்ற பழைய நியாயம் இந்நாட்டில் இன்றும் உயிரோடிருப்பது. விற்பவர் பொய் சொல்லக் கூடாது. ஆனால், சுவரில் ஈரம் ஏறுகிறது, கூரை ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்குண்டு என்பவற்றைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற கடமை அவருக்குப் பெரும்பாலும் இல்லை. கேட்டுவிட்டாலோ நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. கேட்ட கேள்விக்கு எழுத்தில் அவர் தரும் பதில் பொய்யாயின், 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தின்படி அவர் நட்டஈடு செலுத்த நேரிடும். விற்பவர் நிரப்பித் தரும் சொத்துத் தகவல் படிவத்தில் ஜப்பானிய நொற்வீட் என்னும் எளிதில் அழியாத களை அந்த நிலத்தில் உண்டா என்று ஒரு வினா இருக்கிறது. "இல்லை" என்று எழுதிவிட்டுப் பின்னர் வழக்கில் தோற்றுப் பெருந்தொகை கொடுத்த விற்பனையாளர்கள் உண்டு. கேளாமல் விட்ட வினாவுக்கு அத்தகைய பரிகாரம் இல்லை. ஆகவே, சொலிசிற்றருக்கு நாம் கொடுக்கும் கூலி முக்கியமாகக் கேள்விகளுக்கான கூலி என்பதே என் அபிப்பிராயம்.

"ஐயா, நீங்கள் வீட்டைப் போய்ப் பார்த்தீர்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் எண்ணிறந்தோர். இல்லை என்பதே பதில். சொலிசிற்றர் வீட்டைப் பார்ப்பதில்லை. கட்டிடத்தின் நலத்தை ஆராய்பவர் அதற்கென உள்ள சேர்வேயர்; வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரோ வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை மாத்திரமே பார்ப்பவர்; அவர் வந்து போனதைச் சேர்வேயர் வந்து போனதாக எண்ணிப் பணத்தை மிச்சம் பிடித்தவர்கள் பின்னர் அடித்தளம் இறங்கிய வீட்டுக்கு உரிமையாளர்கள் ஆனதை நான் அறிவேன். சொலிசிற்றர் காண்பது கடதாசியில் உள்ள வீட்டை. காணிப் பதிவகம் தரும் வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் சூழப்பட்ட ஒரு சிறு வடிவத்தை. அக்கோடு பொதுவான எல்லையைக் காட்டுவதேயன்றி வேலியின் துல்லியமான இடத்தைக் காட்டுவதன்று. நான் அனுப்பிய வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓர் அம்மையார் தாம் வாங்கவிருந்த வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி நடந்தார். பின்புறத்து ஒழுங்கையில் வீட்டோடு சேர்ந்தது என்று காட்டப்பட்ட கார்க்கொட்டகை சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருப்பதைக் கண்டு, திங்கட்கிழமை காலையே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். விசாரித்தபோது அது வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தது. என் மேசையில் அமர்ந்து ஆயிரம் தாள்களைப் படித்தாலும் நான் அதைக் கண்டிருக்க முடியாது.

பதிவகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்பு என்னும் காணி ஏடும், பின்னர் வந்த உறுதிப் பதிவும் விவரத்தைப் பதிந்துவைத்தனவேயன்றி, உரிமை இன்னாருக்கே என்று அரசாங்கம் பொறுப்பேற்கச் செய்யவில்லை. ஆகையால் உறுதிக்கு முந்திய உறுதி, அதற்கும் முந்திய உறுதி என்று பின்னோக்கிப் போவது நமக்குப் பழக்கம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. அறுபது ஆண்டு காலத்துக்குத் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்த உரிமைமூலத்தை, 1874இல் நாற்பதாகவும் 1925இல் முப்பதாகவும் 1969இல் பதினைந்தாகவும் சட்டம் குறைத்துக்கொண்டே வந்தது. 1862இல் தொடங்கிய காணிப் பதிவகம் மெல்ல மெல்ல வளர்ந்து, 1990ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதலாந் திகதியிலிருந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த மூலையில் ஒரு வீடு விற்கப்பட்டாலும் அதன் உரிமையைப் பதிந்தே தீர வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. சொத்து இன்னது, உரிமையாளர் இன்னார், அதன்மீதுள்ள பாரங்கள் இன்னவை என்று மூன்று பகுதிகளாக எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டுக்கு அரசாங்கமே உத்தரவாதம் அளிக்கிறது. சிறு கட்டணம் செலுத்தினால் அதன் பிரதியை எவரும் பெறலாம்.

அப்படியானால் பதிவேட்டைப் பார்த்தால் போதாதா, சொலிசிற்றர் எதற்கு என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். பதிவேட்டில் இருப்பதன் பொருளை அறிவதற்கும், இல்லாததைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் என்பதே விடை. முதலாவதற்கு ஓர் உதாரணம்: 1848ஆம் ஆண்டில், இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தின் நடுவே இருந்த தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்திருப்பேன் என்று ஒருவர் கொடுத்த வாக்கு, அதை அறிந்து வாங்கிய பிற்பட்டவரையும் கட்டுப்படுத்தும் என்று சான்சரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று நீங்கள் வாங்கும் வீட்டின் முன்முற்றத்தில் மதில் கட்டக் கூடாது, வீட்டில் வியாபாரம் நடத்தக் கூடாது என்று நூறாண்டுக்கு முன் எவரோ ஒரு நிலவுரிமையாளர் விதித்த நிபந்தனை உங்களைப் பிடித்துக்கொள்வது அந்த வழியில்தான். வீட்டிலே ரியூஷன் வகுப்பு நடத்தவும், பின்புறத்தில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடவும் எண்ணி வாங்குபவர், அந்த எண்ணத்தைத் தம் சொலிசிற்றரிடம் வாங்கும் முன் சொல்லியிருந்தால், அவர் அந்த வரியைத் தேடிக் காட்டியிருப்பார். சொல்லாவிட்டால் அது பல வரிகளுள் ஒரு வரியாகக் கிடக்கும்.

பதிவேட்டில் இல்லாததைக் கண்டறியச் சொலிசிற்றர் செய்யும் தேடல்களைப் பற்றி விரிவாகச் சொல்லப் புகுந்தால் நேரம் போதாது. டேர்ஹமிலும் தென் வேல்ஸிலும் நிலக்கரிச் சுரங்கங்களையும், கோர்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கங்களையும், உப்புநீரை இறைத்து எடுத்ததால் நிலம் தாழ்ந்துபோன செஷயரில் அந்தப் பள்ளங்களையும் குறித்துத் தனித்தனியே விசாரிக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்றும், வீதி நகரசபையின் பொறுப்பா தனியார் பொறுப்பா என்றும் அறிய வேண்டும். பழைய தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு சில நிலங்களோடு ஒட்டியிருப்பதுண்டு. வோரிக்ஷயரில் குடும்பவழி வந்த ஒரு பண்ணையின் உரிமையாளர்களான தம்பதியர், அந்தப் பொறுப்பினால் இரண்டு லட்சம் பவுணை நெருங்கிய தொகைக்கு ஆளானார்கள். 2003இல் பிரபுக்கள் சபை வரை சென்றும் அவர்கள் தப்பவில்லை. இவற்றோடு சேர்த்துச் செய்யும் நகரசபைத் தேடலில் ஒரு பெரிய இடைவெளி உண்டு என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். அது நீங்கள் வாங்கும் சொத்தைப் பற்றியே பேசும். பக்கத்து வெற்றுக் காணியில் ஐந்து மாடிக் கட்டிடம் எழுப்ப அனுமதி கொடுக்கப்பட்டிருந்தாலும், பொதுவாக அதைச் சொல்லாது. அதைக் கேட்க வேண்டும் என்று உங்கள் சொலிசிற்றரிடம் தனியே சொல்லுங்கள். நகரசபையின் திட்டப் பிரிவில் நீங்களே சென்றும் பார்க்கலாம்.

இனி, என் பேச்சின் உயிர்நிலையான இடத்துக்கு வருகிறேன். இந்நாட்டு முறையில், விலை பேசி முடிந்து, கைகுலுக்கி, வீட்டு விற்பனை முகவர் வாசலில் "விற்கப்பட்டது" என்ற பலகையையும் நட்டுவிட்ட பின்னருங்கூட, ஒருவர்க்கொருவர் எந்தக் கடப்பாடும் இல்லை. காணி விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் எல்லா நிபந்தனைகளும் அடங்க வேண்டும், இருதரப்பாரும் கையெழுத்திட வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஒரே வாசகமுள்ள இரண்டு பிரதிகளில் ஒன்றில் வாங்குபவரும் மற்றதில் விற்பவரும் ஒப்பமிட்டு, அவற்றை மாற்றிக்கொள்ளும் கணத்திலேதான் ஒப்பந்தம் பிறக்கிறது. முற்காலத்தில் ஒருவர் அலுவலகத்துக்கு மற்றவர் நடந்துபோய்க் கைக்குக் கை மாற்றிக்கொண்டார்கள். இன்றோ இரு சொலிசிற்றர்களும் தொலைபேசியில் சட்டச் சங்கம் வகுத்த வாசகத்தைச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னர் விற்பவர் கூடுதலாக விலை தரும் வேறொருவருக்கு விற்றுவிடலாம். அது மனச்சாட்சிக்கு ஒவ்வாததாயினும் சட்டத்துக்கு ஒவ்வாததன்று. நீங்களும் காரணம் சொல்லாமலே விலகிவிடலாம். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னரோ, விலையில் பத்தில் ஒரு பங்கு வைப்புப் பணமாகப் போய்விட்டது. குறித்த நாளில் மீதியைச் செலுத்த இயலாவிட்டால், பத்து வேலை நாள் அறிவித்தல் கொடுத்து, அந்தப் பணத்தை விற்பவர் எடுத்துக்கொள்ளலாம். வீடு தீப்பிடித்தாலும் பொதுவாக அந்த நட்டம் உங்களுடையது. ஆகையால் காப்புறுதி அன்றைக்கே தொடங்க வேண்டும், திறப்பு கைக்கு வரும் நாளில் அல்ல.

"சொலிசிற்றர் தாமதிக்கிறார்" என்று நம்மவர்கள் சொல்லும் குறையில் ஒரு பகுதி உண்மை. பதில் எழுதாத, தொலைபேசியை எடுக்காத அலுவலகங்கள் உண்டு என்பதை நான் மறைக்கமாட்டேன். ஆனால், நகரசபை தேடலை அனுப்பவில்லை, மாடிவீட்டின் நிர்வாகக் குழுமம் கணக்கைத் தரவில்லை, சங்கிலியாய்த் தொடரும் விற்பனைகளில் நான்காவது வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்ற காரணங்களால் தள்ளிப்போகும் நாட்களே பெரும்பான்மை. அந்த நாட்களில், முகவரின் அவசரத்துக்கும், குடிபுகும் நல்ல நாளைக் குறித்துவிட்ட மாமியாரின் அவசரத்துக்கும் இணங்கி, பதில் வராத வினாக்களை விட்டுவிட்டு ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளுமாறு சொலிசிற்றரை நெருக்குபவர்கள், தாம் வாங்கிய ஒரே பாதுகாப்பைத் தாமே கைவிடுகிறார்கள். முகூர்த்தம் வீடு கைக்கு வந்த பிறகு பார்க்கப்பட வேண்டியது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற வினா நம்மவர்களைப் புண்படுத்துகிறது என்பதை நான் அறிவேன். 2017ஆம் ஆண்டின் பணச் சலவை விதிகளின்படி, வைப்புப் பணத்தின் மூலத்தைச் சொலிசிற்றர் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கடையில் இரவு பகலாக நின்ற ஓர் இளைஞர், மூன்று சீட்டுக்களைக் கட்டி, அவற்றை எடுத்துச் சேர்த்த காசோடு வந்து, "சீட்டுக் காசு" என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். அவருடைய நேர்மையில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆனால், வங்கிக் கணக்கில் கொத்துக் கொத்தாக ரொக்கமாய்ப் போடப்பட்ட அந்தப் பணத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சீட்டுப் பிடித்தவரிடம் எழுத்துப் பெற்று, மாதந்தோறும் கட்டிய கணக்கை ஒப்புநோக்கி, அதைச் சரிசெய்வதற்குள் அந்த வீடு இன்னொருவருக்குப் போய்விட்டது. சீட்டை நான் குறைகூறவில்லை. நம் சமூகத்தின் நம்பிக்கையால் நின்று நிலைத்த ஏற்பாடு அது. ஆயினும், வீட்டுக்கென்று சேர்ப்பவர் சீட்டுப் பணத்தை வங்கி மூலமே கட்டி வங்கி மூலமே பெறட்டும். அதன் கணக்குக் கொப்பியை மாற்றி எழுதாமல் வைத்திருக்கட்டும்.

உறவினர் கொடுத்த பணம் இன்னும் நுட்பமானது. தமையனிடம் கடனாகப் பெற்றதை "அன்பளிப்பு" என்று எழுதிக் கொடுக்கச் செய்வது வங்கியை ஏமாற்றுவதாகும், அது குற்றம். ஒரு முதியவர் ஊரிலிருந்த காணியை விற்று, அந்தப் பணத்தை மகன் வீடு வாங்கக் கொடுத்து, அந்த வீட்டிலேயே தாமும் இருக்க வந்தார். தமக்கு அந்த வீட்டில் எந்தப் பங்கும் இல்லை என்றும், வங்கியின் உரிமைக்கே முதலிடம் என்றும் அவர் ஒப்பமிட வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு: கணவர் பெயரில் மாத்திரம் பதிவாயிருந்த வீட்டில், தாமும் பணம் போட்டு, அங்கேயே குடியிருந்த ஒரு மனைவியின் உரிமை, பதிவேட்டில் இல்லாதிருந்தும் கடன் கொடுத்த வங்கியைக் கட்டுப்படுத்தும் என்று 1980இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த நாளிலிருந்து, வீட்டில் வாழவிருக்கும் வயதுவந்தோர் எல்லாரிடமும் வங்கிகள் இந்த ஒப்பத்தைக் கேட்கின்றன. முதியவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, என் பிள்ளையின் வீட்டில் நான் இருக்கிறதுக்கும் கையெழுத்தோ?" என்று கேட்டார். அருகிலிருந்த மகன் தலைகுனிந்திருந்தார். "ஐயா, நான் உங்கள் மகனுக்காக நிற்பவன், இதற்கு நீங்கள் வேறொரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து அவர் தனியே வந்து, அந்தப் பணத்தில் தம் இரண்டு பெண்மக்களுக்கும் பங்கு இருப்பதாகத் தாம் எண்ணியிருந்ததையும், அது எங்கும் எழுதப்படவில்லை என்பதை இப்போதுதான் விளங்கிக்கொண்டதையும் சொன்னார். குடும்பம் கூடிப் பேசிற்று. பெண்மக்களின் பங்கைத் தனியே எடுத்துவைத்து, மீதியையே மகனுக்கு உண்மையாகக் கொடுத்தார். மகன் சிறியதொரு வீட்டை வாங்கினார். சண்டையில் முடிந்திருக்கக்கூடிய ஒரு காரியம் ஒரு கடதாசியின் பயனால் நேராயிற்று.

கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கும்போதும், கூட்டுரிமையாக வாங்குகிறீர்களா, பங்குரிமையாக வாங்குகிறீர்களா என்று சொலிசிற்றர் கேட்பார். முதலாவதில் ஒருவர் மறைந்தால் முழு வீடும் மற்றவரைச் சேரும். மரணசாதனம் எழுதியிருந்தாலும் அது செல்லாது. இரண்டாவதில் அவரவர் பங்கு அவரவர் விருப்பப்படி செல்லும். முன்னைய மணத்தில் பிள்ளைகள் உள்ளவர்களும், ஒருவர் பெற்றோர் பெரும்பங்கு கொடுத்தவர்களும், இதைப் படிவத்தில் ஒரு சிறு கட்டம் என்று நினைத்துக் குறியிட்டுவிட்டுப் போகலாகாது. தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காவிட்டால் மீண்டும் கேளுங்கள்.

மாடிவீடு வாங்குவோர் குத்தகையில் மிஞ்சியுள்ள ஆண்டுகளை முதலிற் கேட்க வேண்டும். எண்பதுக்குக் குறைந்தால் குத்தகையை நீடிக்கும் செலவு ஏறுவதே இதுவரை இருந்த சட்டம். எந்த வீடாயினும், இங்கிலாந்தில் முத்திரை வரிப் பத்திரத்தை, வாங்கி முடிந்த பதினான்கு நாட்களுக்குள் சொலிசிற்றர் அனுப்பிவிடுவார். 

எந்தச் சொலிசிற்றரை அமர்த்துவது என்று கடைசியாக எல்லாரும் கேட்கிறார்கள். கூலிக்கு வீட்டுரிமையை மாற்றிக் கொடுக்கும் வேலையில் 1804ஆம் ஆண்டு முதல் சட்டத்தரணிகளுக்கே இருந்த தனியுரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின், உரிமம் பெற்ற கொன்வேயன்சர்களும் அந்த வேலையைச் செய்யலாம். அவர்களில் மிகத் தேர்ந்தவர்கள் உண்டு. முகவர் பரிந்துரைப்பவரிடம் போகலாமா என்றால், அந்தப் பரிந்துரைக்கு முகவருக்குப் பணம் போகிறதா என்று கேட்டு, அதை அறிந்த பின் தீர்மானியுங்கள். மிகக் குறைந்த கட்டணம் கேட்பவர் ஒரே வேளையில் எத்தனை கோப்புகளைக் கையில் வைத்திருக்கிறார், உங்கள் கோப்பை நாள்தோறும் பார்ப்பவர் யார், அவர் பெயர் என்ன என்பதையும் கேளுங்கள். வங்கிக்காகவும் உங்களுக்காகவும் பெரும்பாலும் ஒருவரே பணியாற்றுவதால், வங்கியிடம் மறைக்க வேண்டியதை அவரிடம் சொல்லி மறைக்கச் சொல்லாதீர்கள். அவரால் அது இயலாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வீட்டின் முழுப் பணத்தையும் அனுப்பும் நாளில், சொலிசிற்றரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காமல், முதல் நாள் அவர் அலுவலகத்தில் உங்கள் கையில் கொடுத்த கடிதத்திலுள்ள எண்ணை அழைத்து, அவருடைய குரலைக் கேட்டு, கணக்கு இலக்கத்தை ஒவ்வொன்றாய்ச் சொல்லச் செய்து சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை இன்றே எடுத்து, எண்ணைக் குறித்துவையுங்கள்.